சுத்தமான ஹைட்ரஜனா? முதல்ல கணக்கைக் காட்டுங்க சாமி!

அணு உலையில் கரண்ட் எடு. அந்தக் கரண்ட்டைத் தண்ணீரில் விடு. தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரியும். ஆக்ஸிஜனைக் காற்றில் விட்டுவிட்டு, ஹைட்ரஜனைப் பிடித்து வண்டிக்குப் போடு. புகை இல்லை, கரி இல்லை, பெட்ரோலுக்காக வளைகுடாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்லை... இப்படி ஒரு கதை கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேச்சுப் போட்டியில் சொன்னால் முதல் பரிசு நிச்சயம்.

என் கட்சி வேறு. நாட்டில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும் வரைக்கும், இருக்கிற அணு மின்சாரத்தை எடுத்து ஹைட்ரஜன் ஆக்குவது சுத்தமான வேலையே இல்லை. காற்றை இன்னும் கொஞ்சம் அழுக்காக்கும் வேலை அது. இதைச் சொல்ல இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் ஒழுங்காக எழுதியிருந்தால் போதும்.

டிஸ்கி ஒன்று போட்டுவிடுகிறேன். நான் அணுவுக்கு எதிரியும் இல்லை, பக்தனும் இல்லை. 2011லும் 2012லும் இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகளில் பலவற்றுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டி வந்ததும் நம்ம கடற்கரைக்காரர்களுக்கு யாரோ எங்கோ என்கிற செய்தி கிடையாது. ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல. அணு உலை நூற்றுக்கு நூறு பத்திரமானது என்றே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவோம். அப்படிப் போட்டாலும் தோற்கிறது என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. டெல்டாவில் 'ஹைட்ர' என்று ஆரம்பித்தாலே ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 2017ல் நெடுவாசல் போராட்டம் நடந்தது ஹைட்ரோகார்பனுக்கு எதிராக. அது மண்ணுக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும். ஹைட்ரஜன் வேறு சங்கதி, அதற்காக வயலில் யாரும் குழாய் இறக்கப் போவதில்லை. சொல்லப்போனால் நம்ம ஊருக்கு அது புதுசே இல்லை. திருமலைராயன்பட்டினத்துக் காஸ்டிக் சோடா ஆலையில் உப்புத் தண்ணீருக்குள் கரண்ட் விடும்போது ஒரு பக்கம் குளோரின், ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, கூடவே ஹைட்ரஜன். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் என்பது பிளஸ் டூ வேதியியல் கணக்கு. நாம் பை-ப்ராடக்ட் என்று எழுதிவிட்டுப் போகிற வஸ்துவுக்குத்தான் இப்போது டெல்லியில் மேளதாளம்.

அந்த மேளதாளத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். இலக்கு, 2030க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன். அதே வருடம் ஆகஸ்டில் எது 'பசுமை' என்று வரையறை வந்தது: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரக் கூடாது, சக்தி புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வர வேண்டும். சூரியன், காற்று, சாணம், சக்கை எல்லாம் உள்ளே. அணு வெளியே.

இங்கேதான் சண்டை. "எங்களுக்கும் புகைபோக்கி கிடையாதே, எங்களை மட்டும் ஏன் பந்தியில் உட்கார வைக்க மாட்டேன் என்கிறீர்கள்?" என்று அணு ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். கரியமில வாயுவை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் அணு பாஸ்தான், மறுக்கவில்லை. 2025 பட்ஜெட்டில் சிறு உலைகளுக்காக 20,000 கோடி, 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று அறிவிப்பு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. இனிமேல் இந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க, இன்றைய எலக்ட்ரோலைசரில் ஏறக்குறைய 52 யூனிட் கரண்ட் வேண்டும். இது நான் விட்ட கதை அல்ல. அமெரிக்காவில் நைன் மைல் பாயிண்ட் அணுமின் நிலையத்தில் 2023ல் ஒரு எலக்ட்ரோலைசரை மாட்டினார்கள். 1.25 மெகாவாட் தின்று நாளைக்கு 560 கிலோ தருகிறது. வகுத்துப் பாருங்கள், 53 யூனிட் சொச்சம் வரும். (அந்த ஹைட்ரஜனை என்ன செய்கிறார்கள் தெரியுமா? அதே நிலையத்தின் ஜெனரேட்டரைக் குளிர்விக்கிறார்கள். முன்பு லாரியில் வாங்கியதை இப்போது வீட்டிலேயே காய்ச்சிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.)

இப்போது இரண்டு வழி. அந்த 52 யூனிட்டை ஹைட்ரஜன் ஆக்கினால் என்ன லாபம்? இன்றைக்கு ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த முறையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிலோ கரியமில வாயு. ஆக மிச்சம் 10 கிலோ.

அதே 52 யூனிட்டை அப்படியே கிரிட்டில் விட்டால்? அந்த அளவுக்கு ஒரு நிலக்கரி நிலையம் குறைவாக எரிக்கலாம். நிலக்கரியில் யூனிட்டுக்கு 0.9 கிலோ என்று தாராளமாகவே குறைத்துப் போடுகிறேன். 52ஐ 0.9ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 47 கிலோ.

பத்து எங்கே, நாற்பத்தேழு எங்கே!

"நிலக்கரியை மட்டும் எடுத்துக்கொள்வது அழுகுணி ஆட்டம், மொத்த கிரிட்டின் சராசரியைப் போடு" என்று யாராவது சொல்லலாம். போட்டேன். யூனிட்டுக்கு 0.7 கிலோ சுமாருக்கு வரும். அப்போதும் 36 கிலோ. பத்தைவிட மூன்றரை மடங்கு. இதற்குப் பெயர்தான் ஆப்பர்சூனிட்டி காஸ்ட். முதல் வருஷத்தில் படித்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துபோகிற சமாச்சாரம். ஒரு பொருளின் அடக்கவிலை அதற்குக் கொடுத்த காசு மட்டுமில்லை, அதே சரக்கை வேறு எங்கே போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதும்தான். 'சுத்தமான ஹைட்ரஜன்' என்று லேபிள் ஒட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியை எழுதுவதே இல்லை.

இதில் நமக்கு என்ன வந்தது என்று கேட்கும் காரைக்கால் நண்பர்களுக்கு: மேலவாஞ்சூர்ப் பக்கம் ஒருநாள் போய்ப் பாருங்கள். நம்ம துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பெரும்பங்கு நிலக்கரி. கரித்தூள் பற்றி வாஞ்சூரும் நாகூரும் வருடக்கணக்காகப் புகார் சொல்லி ஓய்ந்துவிட்டன. கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ ஒரு யூனிட்டைக் கிரிட்டிலிருந்து உருவி எலக்ட்ரோலைசருக்குக் கொடுத்தால், அந்த ஓட்டையை அடைக்க எரிவது நிலக்கரிதான். அங்கே எரிப்பதற்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்க வேண்டும். சென்னையில் ஹைட்ரஜன் பஸ்ஸுக்கு ரிப்பன் வெட்டுவார்கள், நாகூரில் மாடியில் காயும் துணியில் கரி விழும். இரண்டையும் ஒரே பேலன்ஸ் ஷீட்டில் எழுத மாட்டார்கள்.

சூரிய மின்சாரத்துக்கும் இதே கணக்குதானே என்றால், ஆமாம். இருக்கிற சூரிய மின்சாரத்தைப் பிடுங்கி ஹைட்ரஜன் செய்தாலும் இதே குற்றம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஹைட்ரஜனுக்கென்றே புதிதாக ஒரு சூரியப் பண்ணை போட ஒன்றிரண்டு வருஷம் போதும். அணுவுக்கு? கூடங்குளம் முதல் உலைக்கு வேலை தொடங்கியது 2002. வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 டிசம்பர் 31. மூன்றாவது உலைக்குக் காங்கிரீட் போட்டது 2017. கல்பாக்கத்து வேக ஈனுலை இன்னும் விசேஷம்: 2004ல் கட்ட ஆரம்பித்து, எரிபொருள் ஏற்றும் வேலைக்குப் பிரதமர் முன்னிலையில் தொடக்கம் வைத்தது 2024 மார்ச். இருபது வருஷம்! அந்த இருபது வருஷமும் முடங்கிக் கிடந்த முதலுக்கு வட்டி யார் தலையில் ஏறுகிறது என்று காமர்ஸ்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2030 இலக்கையும் இதோடு வைத்துப் பாருங்கள். 50 லட்சம் டன் ஹைட்ரஜனுக்கு 26,000 கோடி யூனிட் வேண்டும். 2024-25ல் இந்தியாவின் அத்தனை அணு உலைகளும் சேர்ந்து தந்தது சுமார் 5,700 கோடி யூனிட். தாராப்பூரிலிருந்து கூடங்குளம் வரை ஒரு பல்புகூட எரியாமல் மொத்தத்தையும் தண்ணீரில் விட்டாலும் கால்வாசிகூடத் தேறாது.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். கெட்டிக்கார வாதம் இது: "அணு உலையை நினைத்தபோது கூட்டிக் குறைக்க முடியாது. காற்றாலை சீஸனில், மத்தியான வெயிலில், கரண்ட் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை வீணாக்காமல் ஹைட்ரஜன் ஆக்கலாமே?" நியாயம்தான். கூடங்குளத்தைச் சுற்றி நிற்கும் காற்றாடிகளையே சீஸனில் சில நேரம் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். மிஞ்சுகிற நேரத்தில் மிஞ்சுகிறதை எடுத்தால் நான் மேலே போட்ட கணக்கு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதே ஆட்கள் அடுத்த பக்கத்தில் என்ன சொல்கிறார்கள்? "சூரியன் ஆறேழு மணி நேரம்தான். அணு இருபத்துநாலு மணி நேரமும் கொடுக்கும். எலக்ட்ரோலைசர் ஓயாமல் ஓடினால்தான் விலை கட்டுப்படியாகும், ஆகவே அணுதான் சிறந்தது." ஐயா, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். மிச்சத்தை மட்டும் எடுத்தால் எலக்ட்ரோலைசர் நாளில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினால் அது மிச்சம் இல்லை, சாயந்திரம் ஏழு மணிக்கு வீட்டு விளக்குக்குப் போக வேண்டிய கரண்ட். சம்பா அறுவடைக்கு வெளியூரிலிருந்து வரும் அறுவடை மெஷின்காரர்களைப் பாருங்கள். இங்கே வேலை முடிந்த மறுநாளே லாரியில் ஏற்றி அடுத்த ஜில்லாவுக்கு ஓடுகிறார்கள். சும்மா நிற்கிற மெஷின் தவணை கட்டாது என்று அவர்களுக்குத் தெரிகிறது. பவர்பாயிண்ட் போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாதம், வெப்பம். கரண்ட்டே வேண்டாம், உலையின் சூட்டை வைத்தே ரசாயன முறையில் தண்ணீரைப் பிரிக்கலாம் என்பது. அயோடினையும் கந்தகத்தையும் வைத்து ஒரு சுழற்சி இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அதில் வேலை நடக்கிறது. அழகான விஞ்ஞானம், மறுப்பில்லை. அதற்கு வேண்டிய சூடு 850 டிகிரிக்கு மேல். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தண்ணீர் சூடாவது 300 டிகிரி அளவுக்கு. வேக ஈனுலையில் சோடியமே 550ஐ எட்டாது. ஜப்பானில் 950 டிகிரி தொடும் பரிசோதனை உலை ஒன்று இருக்கிறது. 1998ல் உயிர் பெற்றது, 2004ல் அந்தச் சூட்டை எட்டியது. அதோடு ஹைட்ரஜன் ஆலையைப் பூட்டுவதற்கு இருபது வருஷம் கழித்தும் ஏற்பாடு செய்துகொண்டுதான் இருந்தார்கள். முதல் கட்டமாக அதில் பிரிக்கத் திட்டமிட்டதுகூடத் தண்ணீரை அல்ல, மீத்தேனை :-) இருக்கிற உலையைக் காட்டி இல்லாத உலையின் பெருமையை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

வண்டி விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், அது அதற்கு மேல் தகுதி இல்லாதது. 52 யூனிட் போட்டு எடுத்த ஒரு கிலோ ஹைட்ரஜனை அழுத்தி, ஏற்றி, வண்டியின் ஃப்யூல் செல்லில் மறுபடி கரண்ட் ஆக்கினால் சக்கரத்துக்கு வருவது 16, 17 யூனிட். மூன்றில் ஒரு பங்கு. பேட்டரியில் போட்டிருந்தால் 40க்கு மேல் வந்திருக்கும். நம்ம ஊரில் பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கிற எந்த அண்ணாச்சிக்கும் இது விளங்கும்.

அப்படியானால் ஹைட்ரஜனே வேண்டாமா? வேண்டும். வண்டிக்கு இல்லை, வயலுக்கு.

இதை டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு யாரும் பேசாததுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. அந்த நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்து அம்மோனியா ஆக்க, 14 பங்கு நைட்ரஜனுக்கு 3 பங்கு ஹைட்ரஜன் வேண்டும். ஆக ஒரு மூட்டை யூரியாவுக்குப் பின்னால் ஏறக்குறைய நாலரை கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நம்ம ஆட்கள் தோளில் தூக்கிப் போவது பாதி நைட்ரஜன் என்றால், அதைக் கட்டிப்போட்ட கயிறு ஹைட்ரஜன். அது இன்றைக்கு வருவது இயற்கை எரிவாயுவிலிருந்து, அதில் பெரும்பகுதி கப்பலில் இறக்குமதியாவது. போதாததற்கு யூரியாவையே இறக்குமதி செய்கிறோம். 2025ல் பல மாநிலங்களில் விவசாயிகள் யூரியாவுக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தோம்.

பேட்டரியால் உரம் செய்ய முடியாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் பேட்டரி உதவாது. ஹைட்ரஜனுக்கு மாற்றே இல்லாத இடங்கள் இவை. எடுக்கிற ஹைட்ரஜன் முதலில் போக வேண்டிய இடமும் இவைதான்.

இங்கேயும் கணக்கு சும்மா விடாது. நாலரை கிலோ ஹைட்ரஜனுக்கு 230 யூனிட்டுக்கு மேல் ஆகும். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலே மூட்டைக்குக் கரண்ட் செலவு மட்டும் 900 ரூபாயைத் தாண்டுகிறது. விவசாயி கடையில் கொடுப்பது 270 ரூபாய்க்குள். மீதி மானியம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. யூரியா செய்யக் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயுவில் எடுக்கும்போது அது கூடவே கிடைத்துவிடுகிறது, தண்ணீரில் எடுத்தால் கிடைக்காது. அதனால் முதலில் மாற்றக்கூடியது யூரியா இல்லை, டிஏபி மாதிரி உரங்களுக்காக வெளிநாட்டிலிருந்து வாங்கும் அம்மோனியா.

அதற்கு மார்க்கெட்டில் விலையே வந்துவிட்டது. 2025 ஜூலையில் செகி என்கிற மத்திய அரசு நிறுவனம் நடத்திய ஏலத்தில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் செய்யும் அம்மோனியாவைக் கிலோ 55 ரூபாய் 75 காசுக்குத் தருகிறேன் என்று ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டது, பாரதீப்பில் இருக்கும் உர ஆலைக்கு. சொன்ன விலைக்குத் தருவார்களா, கையைக் கடிக்குமா என்பது அவர்கள் பாடு. விலை என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அணு ஹைட்ரஜன்காரர்களிடம் நான் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான். சிறு உலை வரும், மலிவாகும், 2033ல் பாருங்கள் என்று சொல்வதெல்லாம் கொட்டேஷன் ஆகாது. கிலோ எவ்வளவு, எந்தத் தேதியில் சப்ளை, தாமதமானால் அபராதம் யாருக்கு? செகியின் ஏலத்திலேயே வந்து விலை சொல்லுங்கள். 55.75க்குக் கீழே சொன்னால் நானே உங்கள் கட்சிக்கு வந்து கொடி பிடிக்கிறேன்.

வரையறையைத் திருத்தி அணுவையும் பந்தியில் உட்கார வைப்பதில்கூட எனக்குப் பெரிய வழக்கில்லை, ஒரே ஒரு வரி சேர்த்தால். ஹைட்ரஜனுக்குப் போகும் அணு மின்சாரம் புதிய உலையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் கிரிட்டில் மிஞ்சியதாக இருக்க வேண்டும். மணிக்கணக்கு மீட்டர் வைத்து அதை நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மின்சாரத்தை மடைமாற்றிவிட்டு மானியத்துக்குக் கை நீட்டக் கூடாது.

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளாவுக்கு 266, நம்ம புதுச்சேரிக்கு 67 என்று பங்கு பிரித்தார்கள். அந்த 67ல்தான் காரைக்காலும் வருகிறது. நாளைக்கு யாராவது பசுமை, வெள்ளை, ரோஸ் என்று ஏதோ ஒரு கலரில் ஹைட்ரஜன் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு நம்ம பக்கம் வந்தால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த 67ல் எத்தனையை எடுக்கப் போகிறீர்கள், எடுத்ததை எந்த நிலையத்திலிருந்து திருப்பித் தருவீர்கள், அந்த நிலையத்துக்குப் போகும் நிலக்கரி எந்தத் துறைமுகத்தில் இறங்கும்?